இடது கை பற்றிய தீர்மானம்

எங்கள் கச்சேரியில் தலையை ஆட்டிய குற்றத்துக்காக ஓர் அம்மையாரை ஆறு மாதம் நீக்கி வைத்தார்கள். நான் கதை கட்டவில்லை. ஆணையின் நகல் ஒத்திகை அறைச் சுவரில் இன்னும் ஒட்டியிருக்கிறது. அவர் தலை அசைந்ததால் தன் எண்ணிக்கை பதின்மூன்றாம் அடியில் தவறிவிட்டது என்று பக்கத்து நாற்காலிக்காரர் எழுத்துமூலம் புகார் கொடுத்திருந்தார். விசாரணையில் அந்த அம்மையார், பாட்டு நன்றாக இருந்ததால் தன்னை மறந்துவிட்டதாகச் சொன்னார். அதை மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் மூன்று மாதத்தோடு போயிருக்கும்.

மற்ற இசைக்குழுக்களுக்கு ரசிகர்கள் இருப்பார்கள். எங்களுக்கு இருந்தது ‘நுண்தாள இசை ரசிகர் பேரவை’. பதிவு பெற்றது, உறுப்பினர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர், துணைக் குழுக்கள் ஒன்பது.

நாங்கள் வாசித்தது ப்ரோக்ரெசிவ் மெட்டல். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கிட்டார் காதைக் கிழிப்பது எல்லா மெட்டலிலும் உண்டு, இதில் கூடுதலாகத் தாளமும் ஆளைப் போட்டுப் படுத்தும். ஏழு அடியில் போய்க்கொண்டிருக்கும், கொஞ்சம் பழகுவதற்குள் பதினொன்றுக்குத் தாவும், அங்கே நிம்மதியாக உட்காரவிடாமல் ஐந்தரைக்கு இறங்கும். எங்களுடைய நீளமான பாட்டு முப்பத்துநான்கு நிமிடம். அதில் இருபத்தேழு முறை தாளம் மாறும். பத்தொன்பது வருடம் இப்படியே வாசித்தோம்.

நாங்கள் நான்கு பேர். பேஸ் கிட்டார் நான்; பகலில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். கிட்டார்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். பாடகி பல் மருத்துவரிடம் டோக்கன் கொடுக்கிறவர். டிரம்ஸ் என் மச்சான். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து மேசையைத் தட்டித் தட்டி இருவருக்கும் சேர்த்து அடி வாங்கிக் கொடுத்தவன். பிறகு என் தங்கச்சியைக் கட்டிக்கொண்டான். தபால் பிரிக்கும் இடத்தில் வேலை.

பேரவையை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை. எங்கள் கச்சேரிக்கு வேறு யாரும் வரமாட்டார்கள் என்பதால் பேரவையின் முத்திரை இல்லாமல் எந்த மண்டபக்காரரும் தேதி தரமாட்டார். கம்பளக் கடைக்குக் கீழே இருந்த ஒத்திகை அறையும் அவர்களுடையதுதான். தலைவர் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்க் கடைகளின் தராசையெல்லாம் முப்பது வருடம் சந்தேகப்பட்டவர், ஓய்வுக்குப் பின் எங்களைச் சந்தேகப்பட வந்தார். எண்ணிக்கைக் குழுவுக்குத் தலைமை வகித்தவரை நாங்கள் ஸ்டாப்வாட்ச் என்போம். கழுத்தில் இரண்டு தொங்கும். ஒன்று நின்றுவிட்டால் என்ன செய்வது என்று இரண்டாவது.

கச்சேரியில் நானூறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு, கட்டிய கைக்குள் விரலை மடக்கி மடக்கி எண்ணுவார்கள். கைத்தட்டலுக்கென்று ஒரு அதிகாரி உண்டு. ஒரு முறை பாட்டின் நடுவே வந்த ஏழு அடி மௌனத்தைப் பாட்டு முடிந்ததாக நினைத்து எல்லாரும் தட்டிவிட்டார்கள். அந்த அவமானத்தில் மூன்று பேர் பதவி விலகினார்கள். அதன் பிறகு அதிகாரி பச்சைக் கொடி காட்டினால்தான் தட்டலாம். ஒரு முறை அவர் வயிற்றுக் கோளாறால் வெளியே போய்விட, நாங்கள் குனிந்து வணங்கியபடியே கால் மணி நேரம் மேடையில் நின்றோம்.

இதையெல்லாம் சிரித்துச் சகித்துக்கொண்டுதான் இருந்தோம், மச்சானின் கை மடங்கும்வரை.

போன வருடம் ஒத்திகையில் அவன் இடது கைச் சுண்டு விரலும் மோதிர விரலும் தானாக உள்ளே சுருண்டன. குச்சி தெறித்து என் காலில் விழுந்தது. முதலில் கிண்டல் செய்தேன். மறுநாளும் அதேபோல் ஆனது. தேநீர்க் கோப்பையைப் பிடிக்கலாம், கையெழுத்துப் போடலாம், குச்சியைப் பிடித்து வேகமாக நாலு சுற்று வாசித்தால் மட்டும் விரல் அவன் பேச்சைக் கேட்காது. டாக்டர் நரம்பு சம்பந்தப்பட்ட ஏதோ ஒரு நீளமான பெயரைச் சொன்னார். இத்தனை வருடம் இவ்வளவு நுணுக்கமாக வாசித்ததால் வந்தது என்றார். இப்படியே வாசித்தால் ஆறு மாதத்தில் கை முழுக்கப் பூட்டிக்கொள்ளும், நேரான தாளமாக, நிதானமாக வாசித்தால் வருடக்கணக்கில் வண்டி ஓடும் என்றார்.

ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து மச்சான் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். "யாருக்கும் தெரிய வேண்டாம்டா. அய்யோ பாவம்னு ஒருத்தன் என் வாசிப்பைக் கேட்டா, நான் அன்னிக்கே குச்சியைக் கீழ வெச்சிடுவேன்."

குழுவிலிருந்த மற்ற இருவருக்கு மட்டும் சொன்னோம். நால்வருமாக உட்கார்ந்து ஒன்பது பாட்டு எழுதினோம். எல்லாம் நாலு அடித் தாளம். எதுவும் ஐந்து நிமிடத்தைத் தாண்டாது. சரணம் முடிந்தால் பல்லவி வரும், எல்லா ஊரிலும் வருகிற மாதிரி. கைக்காகத்தான் ஆரம்பித்தோம், ஆனால் பாட்டு நன்றாக வந்தது. பாடகிக்கு முதல் முறையாக மூச்சுவிட இடம் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக்குப் போனபோது தங்கச்சி பாத்திரம் கழுவிக்கொண்டே எங்கள் மூன்றாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அவள் எங்கள் பாட்டு எதையும் முணுமுணுத்ததில்லை, முணுமுணுக்கவும் முடியாது. மச்சான் வாசலிலேயே நின்று கேட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பாட்டுகளை ஒத்திகை அறையிலேயே பதிவு செய்தோம். சில இடங்களில் மச்சானின் கை ஒரு அரை அடி சறுக்கியது. திரும்ப வாசிக்கச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டோம்.

பாணியை மாற்றுவதற்குப் பேரவையின் அனுமதி வேண்டும். அதற்கு ‘எளிமைப்படுத்தல் விண்ணப்பம்’ என்று ஒரு படிவம் இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன்பே அச்சடித்து வைத்திருக்கிறார்கள், யாரும் கேட்டதில்லை. எளிமைக்கான காரணம் என்ற கட்டத்தில் முதுமை, திருமணம், புகழாசை, பிற என்று நான்கு இருந்தன. நான் ‘பிற’வில் குறியிட்டேன். ‘பிற’ எனில் புகழாசை இல்லை என்பதற்கு இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும் என்று அடிக்குறிப்பு சொன்னது. லிஃப்ட் கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் இருவர், எனக்குப் புகழ் வர வாய்ப்பே இல்லை என்று தயங்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

விளக்கக் கூட்டத்தில் எங்களை நிறுத்தி வைத்துத் தலைவர் பேசினார். முழுப் பேச்சையும் எழுத இடமில்லை. சாரம் இதுதான்:

"இந்தப் பாட்டைக் கேட்டா யாருக்கும் புரியும்னு சொல்றாங்க. நான் இல்லைங்கல. ஆனா யாருக்கும் புரியற ஒண்ணைப் புரிஞ்சுக்க நாம எதுக்கு? என் வீட்டுல என் பேச்சுக்கு மதிப்பு கிடையாது. ஆபீஸ்ல இருந்தவரைக்கும் இருந்துச்சு, இப்ப அதுவும் போச்சு. இருபத்தேழு தாள மாற்றத்தையும் நான் எண்ணுவேன்கிறது ஒண்ணுதான் மிச்சம். அதையும் நாலுக்கு நாலுன்னு ஆக்கிட்டா நான் எங்க போறது?"

பலத்த ஆமோதிப்பு. எனக்கு அவர்மேல் இரக்கம் வந்து தொலைத்தது. மச்சான் மட்டும் கையைச் சட்டைப் பைக்குள் வைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பதிவை எண்ணிக்கைக் குழு கேட்டு அறிக்கை தரட்டும், அதுவரை தேதி கிடையாது என்று முடிவானது.

மூன்று வாரம் சத்தமில்லை. பிறகு ஒரு நாள் ஸ்டாப்வாட்ச் நான் வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்துக்கே தேடி வந்தார். லிஃப்டின் தலைக்குமேல் உட்கார்ந்து சக்கரத்துக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தேன். கீழிருந்து அண்ணாந்து பார்த்தார். கண்ணில் நீர். என் கையைப் பிடிக்க வேண்டும், இறங்கி வாருங்கள் என்றார். இறங்கினேன். கிரீஸ் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவர் கண்டுபிடித்தது இது: ஒன்பது பாட்டிலும் டிரம்ஸ் சில இடங்களில் அரை அடி பிந்துகிறது. அந்த இடங்களை வரிசையாக எழுதினால் ஏழாவது சுற்று, பதினொன்றாவது, பதின்மூன்றாவது, பதினேழாவது, எல்லாம் பகா எண்கள். மேலுக்குக் குழந்தைப் பாட்டு மாதிரி நாலு அடி, அடியில் யாருக்கும் தெரியாமல் ஒரு மாபெரும் தாளம். இப்படி ஒரு சிக்கலை எந்தக் குழுவும் செய்ததில்லை. மன்னியுங்கள், உங்களைச் சாதாரணமானவர்கள் என்று நினைத்துவிட்டோம். ‘மறைதாளம்: ஒரு முன்னுரை’ என்று அறுபத்துநான்கு பக்க அறிக்கையை நீட்டினார். புரட்டிப் பார்த்தேன். சறுக்கல் மொத்தம் பதின்மூன்று. பகா எண்ணில் விழாத இரண்டை ஒலிப்பதிவுக் கோளாறு என்று ஒரு வரியில் தள்ளிவிட்டிருந்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சத்தியம் செய்திருந்ததால் கையைப் பற்றி வாயைத் திறக்காமல், அது வெறும் தவறுதான், மச்சான் கொஞ்சம் அசந்துவிட்டான் என்றேன்.

அவர் என்னைக் கனிவோடு பார்த்தார். "தப்பு பகா எண்ல வராது, தம்பி."

அதற்குமேல் நான் சொன்னதெல்லாம் தன்னடக்கமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. தன்னடக்கம் பற்றி அறிக்கையின் இரண்டாம் பதிப்பில் ஒரு பின்னிணைப்பு சேர்ந்தது.

பேரவையில் ஒரே கொண்டாட்டம். எங்களுக்கு ஆண்டு மாநாட்டில் கச்சேரி கொடுத்தார்கள். ஒரு நிபந்தனை மட்டும்: பதினோரு சறுக்கல்களும் பதிவில் இருப்பதைப் போலவே, அதே இடத்தில், அதே அளவில் மேடையில் நிகழ வேண்டும். இல்லாவிட்டால் அது சறுக்கல் அல்ல, தற்செயல். தற்செயலுக்குப் பேரவை மண்டபம் தராது. தீர்மானம் எண் நாற்பது.

இங்கேதான் எங்களுக்குப் புத்தி மழுங்கியது. மாட்டோம் என்று சொல்லியிருக்கலாம். கிட்டார்காரர் அப்படித்தான் சொன்னார். ஆனால் மச்சானுக்கு இன்னொரு மேடை கிடைக்காது என்று எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். வாசித்துவிடலாம் என்றான். அவன் கை தன்னிஷ்டத்துக்குச் சறுக்கும், அல்லது சறுக்காது. அதைக் குறிப்பிட்ட இடத்தில் சறுக்க வைக்க வேண்டுமானால், தன் நோயையே நடித்துக் காட்டப் பழக வேண்டும். தினமும் நாலு மணி நேரம் பழகினான். ஏழாவது சுற்றில் பிந்து, எட்டாவதில் பிடி, பதினொன்றில் பிந்து. முப்பத்துநான்கு நிமிடப் பாட்டு இதற்கு எவ்வளவோ தேவலை. எந்தச் சிக்கலிலிருந்து கையைக் காப்பாற்ற எளிமைக்கு வந்தோமோ, அதைவிடப் பெரிய சிக்கலில் கொண்டுபோய் அதே கையைச் செருகினோம். இரண்டு வாரத்தில் நடு விரலும் மடங்கத் தொடங்கியது.

மாநாட்டுக்கு நான்கு நாள் முன்பு தங்கச்சி என்னைத் தேடி வந்தாள். உட்காரவில்லை.

"அவர் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டு விடறேன். வேலை அவசரம்னு சொல்றார். உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியும் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, நீ எனக்கு அண்ணனா அவருக்கு மச்சானா என்று மட்டும் கேட்டாள். மாநாட்டுக்குத் தானும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மாநாடு ஞாயிறு காலை பத்து மணிக்கு. வரவேற்புரை, அறிக்கை வாசிப்பு, சென்ற ஆண்டு அறிக்கையில் இருந்த எண்ணிக்கைப் பிழைகளுக்கான வருத்தம் எல்லாம் முடிந்து பதினொன்றரைக்கு எங்களை ஏற்றினார்கள். மேடைக்குக் கீழே எண்ணிக்கைக் குழு பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு தாள், அதில் பதினோரு கட்டம். தங்கச்சி பார்வையாளர் வரிசையில், உறுப்பினர் அல்லாதோருக்கான நாற்காலியில் இருந்தாள்.

முதல் இரண்டு பாட்டிலும் சேர்த்து ஐந்து சறுக்கல் இருந்தன. ஐந்தும் சரியாக விழுந்தன. பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் குறியிடும் சத்தம் மேடைக்குக் கேட்டது. நான் அவன் நெற்றியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வியர்வை கண்ணில் இறங்கியும் துடைக்கவில்லை.

மூன்றாவது பாட்டு, தங்கச்சி முணுமுணுத்த பாட்டு. மூன்றாம் சரணத்தில் பதினேழாவது சுற்றில் அவன் பிந்த வேண்டும். பிந்தவில்லை. கை என்ன நினைத்ததோ, அந்தச் சரணம் முழுவதையும் அவன் வாசித்தான், முழுசாக, நேராக, தளும்பாமல், பழைய நாட்களில் வாசிப்பானே அப்படி. என்னை அறியாமல் நானும் அதனோடு போய்விட்டேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு அவனோடு சேர்ந்து வாசிக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

ஸ்டாப்வாட்ச் எழுந்து கையை நீட்டினார். "பிழை. நிறுத்துங்க."

நிறுத்தினோம். பதினேழாவது சுற்றில் டிரம்ஸ் சரியான நேரத்துக்கு வந்துவிட்டதாக அவர் மைக்கில் அறிவித்தார். அரங்கத்தில் சலசலப்பு. தலைவர் எழுந்து, பதற்றம் யாருக்கும் வரும், சரியாக வாசித்ததை இந்த ஒருமுறை மன்னிக்கலாம், சரணத்தின் தொடக்கத்திலிருந்து மறுபடி வாசிக்கட்டும் என்றார்.

மச்சான் பாடகியின் மைக்கை வாங்கினான். என்ன செய்யப் போகிறான் என்று எனக்குத் தெரிந்தது, தடுக்கத் தோன்றவில்லை.

"அது மறைதாளம் இல்லீங்க. என் கைக்கு வியாதி. விரல் மடங்கிக்குது, அதனாலதான் பிந்துது. வேற ஒண்ணும் இல்ல. இப்ப ஒரு நிமிஷம் அது கேட்டுச்சு, அதனால சரியா வாசிச்சேன்."

ஸ்டாப்வாட்ச் முகத்தில் ஈயாடவில்லை. தலைவரும் அவரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள், விதிப் புத்தகம் கைமாறியது. பிறகு தலைவர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு கலைஞர் இவ்வளவு கஷ்டப்படறார்னா அதுக்கு நாம வருத்தப்படணும். வருத்தப்படறோம். ஆனா அவர் சொல்றது உண்மைன்னா அறுபத்துநாலு பக்கமும் பொய். அதைப் படிச்சு ஒத்துக்கிட்ட நாம நானூறு பேரும் முட்டாள். ஒருத்தர் கைக்காக நானூறு பேர் முட்டாளாக முடியாது. அவர் கைக்கு ஒண்ணும் இல்லன்னு சபை முடிவு பண்ணிட்டா, யாருக்கும் நஷ்டம் இல்ல."

தீர்மானம் எண் நாற்பத்தொன்று: டிரம்ஸ் கலைஞரின் இடது கை நலமாக உள்ளது என இப்பேரவை உறுதி செய்கிறது. முன்மொழிந்தவர் எண்ணிக்கைக் குழுத் தலைவர். ஆதரிப்போர் கை தூக்கச் சொன்னார்கள். கட்டியிருந்த கைகளெல்லாம் முதல் முறையாகப் பிரிந்து மேலே போயின. இரண்டு முறை எண்ணினார்கள், முந்நூற்றெழுபத்தாறு. எதிர்ப்போர் இருந்தால் தூக்கலாம் என்றார் தலைவர்.

மச்சான் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து இடது கையைத் தூக்கினான். மூன்று விரலும் உள்ளே மடங்கி, குச்சி அதற்குள் சிக்கியிருந்தது. எண்ணிக்கைக் குழுவில் ஒருவர் விதிப் புத்தகத்தைப் பார்த்து, உறுப்பினர் அல்லாதவரின் கையைக் கணக்கில் எடுக்க முடியாது என்றார். எதிர்ப்பு இல்லை என்று பதிவாகியது. மூன்றாம் சரணத்திலிருந்து தொடங்கலாம் என்று தலைவர் எங்களுக்குத் தலையசைத்தார்.

அப்போது தங்கச்சி மேடை ஏறினாள். யாரையும் பார்க்கவில்லை. டிரம்ஸைச் சுற்றிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் மண்டியிட்டு, அந்தக் கையைத் தன் மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். லேசில் வரவில்லை. நடு விரலைப் பிரித்ததும் சுண்டு விரல் மறுபடி மடங்கியது. பொறுமையாக அதையும் பிரித்தாள். குச்சி தரையில் உருண்டது. கீழே சிலர் குனிந்து எழுதத் தொடங்கினார்கள். இது பாட்டில் சேர்ந்ததா என்று யாரோ தலைவரைக் கேட்டார்கள்.

தங்கச்சி எழுந்து மைக் பக்கம் திரும்பினாள். "இவரை நான் கூட்டிட்டுப் போறேன். உங்க தீர்மானத்தை இங்க உட்கார வெச்சு டிரம்ஸ் வாசிக்கச் சொல்லுங்க."

நான் பேஸ் கிட்டாரைக் கழற்றி அதன் பெட்டியில் வைத்தேன். கிட்டார்காரரும் பாடகியும் ஒயர்களைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்கள். மண்டபத்துக்கு வெளியே நல்ல வெயில். பஸ் நிறுத்தத்தில் மச்சான் தங்கச்சிக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான், இடது கை அவள் கைக்குள் இருந்தது. பஸ் வந்தது. ஏறும்போது அவன் திரும்பி என்னைக் கேட்டான்.

"அந்த மூணாவது சரணம் நல்லா வந்துச்சுல்ல?"

"ஒரு அடிகூடத் தப்பலடா," என்றேன்.

சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான். அவன் வாசித்தது அதுதான் கடைசி.